மவுல்வுர்ஃப்: அகழெலி வாயாலா மண்ணை எறிகிறது?

ஜெர்மன் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "அகழெலிக்கு ஜெர்மனில் மவுல்வுர்ஃப் என்கிறார்கள். மவுல் என்றால் விலங்கின் வாய், வுர்ஃப் என்றால் எறிதல். அப்படியானால் 'வாய் எறிதல்' என்றா பெயர் வைத்தார்கள்? வுர்ஃப் என்பதற்கு ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் என்ற பொருளும் இருக்கிறதே, அதுவாக இருக்குமா? கூட்டுச் சொற்களைப் பிரித்துப் பொருள் கொள்ளச் சொல்லித் தந்தார்கள். அதை நம்பலாமா, விட்டுவிடலாமா?" இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. இந்த ஒரு சொல் எப்படிப் பிறந்தது என்பது முதலாவது. இன்றைய வடிவத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு சொல்லின் பிறப்பு தெரியுமா என்பது இரண்டாவது. இரண்டாவதற்கான விடை முதலாவதற்குள்ளேயே இருப்பதால் அகழெலியிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் விலங்கைப் பார்த்துவிடுவோம். ஐரோப்பிய அகழெலி பதினைந்து சென்டிமீட்டருக்குள் அடங்கும் சிறு பிராணி. அதன் முன்னங்கால்கள் அகன்று, உள்ளங்கை வெளிப்புறம் திரும்பி, மண்வெட்டி போல இருக்கும். ஐந்து விரல்களுக்கு அப்பால் அரிவாள் வடிவத்தில் ஓர் எலும்பு நீண்டு கையை இன்னும் அகலமாக்குகிறது. தோண்டுவதும் மண்ணைச் சுரங்கத்தின் வழியே மேலே தள்ளிக் குவிப்பதும் இந்தக் கைகளின் வேலை. அதன் 44 பற்களும் மண்புழுவைக் கடிப்பதற்கானவை. ஆக, 'வாயால் எறிவது' என்பது விலங்கின் நடத்தையோடு பொருந்தவில்லை. ஆனால் இதை மட்டும் வைத்துச் சொற்பிறப்பை மறுத்துவிட முடியாது. மக்கள் விலங்குகளைத் தவறாகப் புரிந்துகொண்டு பெயர் வைத்ததற்கு எல்லா மொழிகளிலும் சான்று உண்டு. பொருள் பொருந்தவில்லை என்பது சந்தேகப்படக் காரணம் தருகிறது, அவ்வளவுதான். தீர்ப்புக்கு ஒலிகளிடம் போக வேண்டும்.

பின்பாதி எளிது, அதை முடித்துவிடலாம். பழைய வடிவங்களில் இது பெரும்பாலும் வெர்ஃப் என்றே வருகிறது. வெர்ஃபன் என்றால் எறிதல்; வெர்ஃப் என்றால் 'எறிவது', அதாவது எறியும் உயிர். இன்றைய ஜெர்மன் ஒரு செயலைச் செய்பவரைக் குறிக்க வினையோடு 'எர்' விகுதியைச் சேர்க்கிறது. பழைய மொழியில் அந்த விகுதி இல்லாமலும் செய்பவர் பெயர் அமைந்தது. தூதரைக் குறிக்கும் போட்டெ, வில்லாளியைக் குறிக்கும் ஷுட்ஸெ, 'படையை நடத்துபவர்' என்று பொருள்பட்ட ஹெர்ட்ஸோக் எல்லாம் அந்தப் பழைய வார்ப்பில் வந்தவை. அந்த வார்ப்பு வழக்கொழிந்த பிறகு தனித்து நின்ற வெர்ஃப் யாருக்கும் புரியவில்லை. பக்கத்திலேயே 'எறிதல்' என்ற பொருளில் வுர்ஃப் பழக்கத்தில் இருந்தது. வடிவம் அதன் பக்கம் சாய்ந்துவிட்டது. குட்டிகளைக் குறிக்கும் வுர்ஃபும் அதே எறிதல்தான், ஏனென்றால் விலங்கு குட்டி ஈனுவதையும் ஜெர்மனில் வெர்ஃபன் என்பார்கள். ஆனால் அகழெலியின் பெயரில் அந்தப் பொருளுக்கு இடமில்லை. சொல் தொடக்கத்தில் செயலைக் குறிக்கவில்லை, எறியும் விலங்கைக் குறித்தது.

முன்பாதியில்தான் சுவையான வரலாறு இருக்கிறது. பழைய உயர் ஜெர்மன் என்று சொல்லப்படும் கட்டத்தில், அதாவது ஏறத்தாழ 750 முதல் 1050 வரையிலான ஏடுகளில், இந்த விலங்குக்கு மூவெர்ஃப் என்ற பெயர் கிடைக்கிறது. வாயைக் குறிக்கும் சொல் அதில் இல்லை. மொல்ட்வெர்ஃப், முல்ட்வுர்ஃப் என்ற வடிவங்களும் கிடைக்கின்றன. மொல்ட்டா என்றால் புழுதி, பொடிமண். அரைத்தலைக் குறிக்கும் மாலன் என்ற வினையோடு உறவுடைய சொல். ஆக, மொல்ட்வெர்ஃப் 'மண் எறிவது'. பிறகு இடைக்கால உயர் ஜெர்மனில், 1050க்குப் பிந்திய காலத்தில், மூல்வெர்ஃப் தலைகாட்டுகிறது. அந்தக் காலத்தில் விலங்கின் வாய்க்கு மூல் என்று பெயர். வாய் உள்ளே நுழைந்த இடம் இதுதான்.

இதை எப்படி உறுதியாகச் சொல்ல முடிகிறது? ஜெர்மன் ஒலி வரலாற்றில் ஒரு பெரிய மாற்றம் உண்டு. நெடில் ஊ ஒலி அவு ஆனது. ஹூஸ் ஹவுஸ் ஆனது (வீடு), மூஸ் மவுஸ் ஆனது (எலி), மூல் மவுல் ஆனது. தென்கிழக்கில் 12ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி மெல்ல வடக்கே பரவிய மாற்றம் இது. சுவிஸ் ஜெர்மனை இது எட்டவில்லை. அங்கே இன்றும் வீட்டுக்கு ஹூஸ்தான். இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வடிவங்களையும் ஓட்டிப் பாருங்கள். மூவெர்ஃப் தன் போக்கில் வளர்ந்திருந்தால் மவுவெர்ஃப் என்று வந்திருக்கும். அதில் 'ல்' வர வழியே இல்லை. மொல்ட்வெர்ஃப் வளர்ந்திருந்தால் 'ல்' இருக்கும், ஆனால் அங்கே இருப்பது குறில், அது அவு ஆகாது. அவுவும் 'ல்'லும் ஒருசேர வர வேண்டுமானால் மூல் வழியாக மட்டுமே வர முடியும். இன்றைய மவுல்வுர்ஃப் பழைய இரண்டு வடிவங்களில் எதிலிருந்தும் நேராக இறங்கியதில்லை. வாயைக் குறிக்கும் சொல் குறுக்கே புகுந்து இரண்டையும் தன் பக்கம் இழுத்திருக்கிறது. இந்த அளவுக்கு ஐயமில்லை.

சகோதர மொழிகளும் இதையே சொல்கின்றன. டேனிஷ் மொழியில் இந்த விலங்கின் பெயரை எழுத்துப்படி வாசித்தால் முல்ட்வார்ப். முல்ட் என்றால் மண். ஐஸ்லாந்து மொழியில் மோல்ட்வார்ப்பா, அதுவும் மண் எறிவதுதான். இடைக்கால ஆங்கிலத்திலும் மோல்ட்வார்ப் இருந்தது. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்தின் முதல் பகுதியில் அது வருகிறது, வட இங்கிலாந்து வட்டார வழக்குகளிலும் நீடித்தது. வாயை உள்ளே கொண்டுவந்தது ஜெர்மன் பக்கத்தில் நடந்த மாற்றம். ஜெர்மன் முழுவதும் ஒரே பெயர் ஆண்டது என்றும் நினைக்க வேண்டாம். தெற்கே பவேரியா, ஸ்வாபியா பகுதிகளில் இதை ஷேர் என்ற முற்றிலும் வேறான சொல்லால் அழைக்கும் வழக்கு உண்டு.

இனி ஐயத்துக்குரிய பகுதி. மூவெர்ஃபில் உள்ள 'மூ' என்ன? குவியல் என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பழைய ஆங்கிலத்தில் மூகா என்றால் கதிர்க் குவியல். ஸ்காண்டிநேவிய மொழிகளின் மூதாதையான பழைய நார்ஸ் மொழியில் மூகி என்றால் குவியல், கூட்டம். அதன்படி மூவெர்ஃப் 'குவியல் எறிவது'. வயலில் அகழெலி விட்டுச் செல்லும் மண்மேடுகளைப் பார்த்தால் மிகவும் பொருத்தமான பெயர். ஆனால் குவியல் என்ற பொருளில் இந்தச் சொல்லுக்கான ஆதாரம் உறவு மொழிகளிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. வலுவான ஊகம் என்று சொல்லலாம், நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த சர்ச்சை, குவியலா மண்ணா, எது முந்தியது என்பது. குவியல் முந்தியது, அது புரியாமல் போன பிறகு மக்கள் மண் என்று மாற்றிக்கொண்டார்கள் என்பது ஒரு கட்சி. அந்தக் கணக்கில் இந்த ஒரே சொல் இரண்டு முறை மறுவிளக்கம் பெற்றிருக்கிறது. மண்ணைச் சொல்லும் பெயர் ஸ்காண்டிநேவியா வரை பரவியிருப்பதால் அதுவும் பழமையானதுதான், இரண்டும் அருகருகே வாழ்ந்தவை என்பது மறு கட்சி. பரவலைப் பார்க்கும்போது என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. ஆனாலும் முதலாவதைத் தள்ளிவிடும் அளவுக்குச் சான்று கிடையாது.

புரியாத சொல்லை மக்கள் புரியும் சொல்லாக மாற்றிக்கொள்வதை மொழியியலில் நாட்டார் சொற்பிறப்பு என்பார்கள். இதில் ஏமாற்றோ அறியாமையோ இல்லை. காதில் விழும் ஒலிக்குத் தெரிந்த சொல்லைப் பொருத்துவது மனித மூளையின் இயல்பு. சென்னையில் ஹாமில்டன் பாலம் மக்கள் வாயில் அம்பட்டன் வாராவதி ஆகி, அதுவே மறுபடி ஆங்கிலத்துக்கு 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று போய்ச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் கதையும் இதே வகை. அகழெலி விஷயத்தில் மண்ணைக் கிளறும் பன்றியைப் போல இதுவும் மூக்கால் கிளறுகிறது என்று மக்கள் எண்ணியிருக்கலாம். வடிவம் மாறியது ஏடுகளில் தெரிகிறது. ஏன் மாறியது என்பது எப்போதும் ஊகமே. மாறிய வடிவம் பொது எழுத்து மொழியில் ஊன்றியதில் லூத்தரின் பைபிளுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 1534இல் முழுமையாக வந்த அந்த மொழிபெயர்ப்பில், ஏசாயா 2:20இல், விக்கிரகங்களை அகழெலிகளுக்கும் வவ்வால்களுக்கும் எறியும் இடத்தில் இந்தச் சொல் நிற்கிறது. தமிழ் பைபிளில் அதே இடத்தில் மூஞ்சூறும் துரிஞ்சிலும் இருக்கின்றன. தென்னிந்தியாவில் அகழெலி இல்லை என்பதால் அந்தத் தேர்வு இயல்பானதுதான்.

கேள்வி கேட்டவருக்கு இன்னொன்றும் காட்ட வேண்டும். மவுல் என்று தொடங்கும் சொற்களை மட்டும் வரிசையாக எடுத்துப் பாருங்கள். மவுல்கோர்ப் என்பது நாய்க்குப் போடும் வாய்க்கூடு: மவுல் வாய், கோர்ப் கூடை. இங்கே பிரிப்பது முற்றிலும் சரி. மவுல்டீர் கோவேறு கழுதை. டீர் என்றால் விலங்கு, ஆனால் மவுல் வாய் இல்லை. லத்தீன் மூலுஸ் என்ற சொல் ஜெர்மனுக்குள் மூல் என்று வந்து, ஊ அவு ஆனபோது இதுவும் மவுல் ஆகிவிட்டது. ஆங்கில மியூல் அதன் உறவு. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறந்தால் மவுல்டீர். ஆண் குதிரைக்கும் பெண் கழுதைக்கும் பிறந்தால் மவுல்ஏசல். மவுல்பேரெ என்பது மல்பெரிப் பழம், பட்டுப்புழு வளர்க்கும் முசுக்கொட்டை. இதன் முன்பாதி லத்தீன் மோரும். பழைய உயர் ஜெர்மனில் மோர்பெரி, மூர்பெரி என்று 'ர்' ஒலியோடுதான் இருந்தது. ஒரே சொல்லில் இரண்டு ரகரங்கள் அடுத்தடுத்து வந்ததால் முதலாவது லகரமாகத் திரிந்தது. ஆங்கில மல்பெரியின் லகரமும் அப்படி வந்ததே. ஆக, மவுல்வுர்ஃப், மவுல்டீர், மவுல்பேரெ, மவுல்கோர்ப் என நான்கு சொற்களில் நான்கு வெவ்வேறு மூலங்கள் ஒரே முகமூடியோடு நிற்கின்றன. பிறவியிலேயே வாயைக் கொண்டது வாய்க்கூடு மட்டும்தான்.

இதே விபத்து வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக்கு ஃப்ரீட்ஹோஃப் என்று பெயர். ஃப்ரீடெ என்றால் அமைதி, ஹோஃப் என்றால் முற்றம். 'அமைதி முற்றம்' என்று எல்லோரும் நெகிழ்ந்து சொல்வார்கள். பழைய ஃப்ரீத்ஹோஃப் 'வேலியிட்டுக் காக்கப்பட்ட முற்றம்', முக்கியமாகக் கோயிலின் முன்முற்றம். இங்கும் ஒலி காட்டிக்கொடுக்கிறது. பழைய நெடில் ஈ ஜெர்மனில் ஐ ஆகியிருக்க வேண்டும். அப்படி ஒழுங்காக வளர்ந்த ஃப்ரைட்ஹோஃப் என்ற வடிவம் பவேரிய, ஆஸ்திரிய வழக்கில் இன்றும் இருக்கிறது. பொது மொழியில் அது ஃப்ரீட்ஹோஃப் ஆனது அமைதியைக் குறிக்கும் சொல்லின் செல்வாக்கால். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: காத்தல், அமைதி, சுதந்திரம் ஆகிய மூன்றைக் குறிக்கும் சொற்களும் வெகு தொலைவில் ஒரே வேரில் சேர்கின்றன. ஆகவே 'அமைதி முற்றம்' அடியோடு பொய் இல்லை. பிறப்பு விளக்கமாகத்தான் அது தவறு. நோவா காலத்து ஜலப்பிரளயத்தைக் குறிக்கும் ஸின்ட்ஃப்ளூட் கதையும் இதுபோலத்தான். 'ஸின்' என்பது எங்கும், எப்போதும் என்று பொருள்பட்ட பழைய முன்னொட்டு. அது இறந்த பிறகு மக்கள் பாவத்தைக் குறிக்கும் ஸுண்டெயை அங்கே வைத்து 'பாவ வெள்ளம்' ஆக்கினார்கள். கதைக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் அந்த வடிவம் நூற்றாண்டுகள் ஓடியது. இன்றைய பொது மொழி பழைய ஸின்ட்ஃப்ளூட்டுக்கே திரும்பியிருக்கிறது.

பிறமொழிச் சொல் கூட்டுச் சொல்லாக வேடம் போடுவது இன்னொரு வகை. தூங்கு தொட்டிலைக் குறிக்கும் ஹெங்கெமட்டெ 'தொங்கும் பாய்' என்று பிரியும். உண்மையில் அது கரீபியத் தீவுகளின் தாய்னோ மக்களுடைய ஹமாக்கா. ஸ்பானிஷ் வழியாகப் புறப்பட்டு, டச்சு மொழியில் தொங்குதலோடு சேர்ந்து, ஜெர்மனுக்கு வந்தது. ஆல்ப்ஸ் மலையில் வாழும் முர்மல்டீர் 'முணுமுணுக்கும் விலங்கு' போலத் தோன்றும், அடியில் இருப்பது லத்தீனின் 'மலை எலி'. குறுக்குவில்லைக் குறிக்கும் ஆர்ம்ப்ருஸ்ட் 'கை மார்பு' என்று பிரியும், ஆனால் அது லத்தீன் அர்க்குபலிஸ்டா பிரெஞ்சு வழியாக வந்து உருமாறியது.

இனி, ஒரு கூட்டுச் சொல்லை நீங்களே ஆராய விரும்பினால் செய்ய வேண்டியது இதுதான். பிரித்ததும் ஒவ்வொரு பாதியும் இந்தப் பொருளுக்கு ஏன் வந்தது என்று கேளுங்கள். விடை இயல்பாக வந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. விடைக்கு ஒரு கதை தேவைப்பட்டால், குறிப்பாக அந்தக் கதை அழகாக இருந்தால், நிறுத்திவிட்டு அகராதிக்குப் போங்கள். வொல்ஃப்காங் ஃபைஃபர் தலைமையில் 1989இல் வந்த சொற்பிறப்பு அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1883இல் முதல் பதிப்பு கண்டு இன்றுவரை திருத்தப்பட்டு வரும் க்ளூகெ அகராதி நூலகங்களில் இருக்கும். க்ளூகெயின் பழைய பதிப்புகள் இணையத்தில் எளிதாகக் கிடைப்பதால் பலர் அவற்றையே மேற்கோள் காட்டுகிறார்கள். நூறு ஆண்டுகளில் பல விளக்கங்கள் மாறிவிட்டன, பதிப்பைக் கவனியுங்கள். கிரிம் சகோதரர்களின் பேரகராதியில் பழைய மேற்கோள்கள் குவிந்து கிடக்கும். ஆனால் 1854இல் முதல் தொகுதி வந்த அந்த வேலை 1961இல்தான் முடிந்தது. சகோதரர்கள் எழுதியது முதல் சில எழுத்துகளை மட்டுமே. மவுல்வுர்ஃப் இருக்கும் தொகுதி 1885இல் மோரிட்ஸ் ஹைனெ தயாரித்தது. 'கிரிம் சொன்னார்' என்று எழுதும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அகராதியைத் திறந்ததும் பொருளைத் தேடாதீர்கள், முதலில் மிகப் பழைய வடிவத்தைத் தேடுங்கள். ஒரு வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அது எந்த ஏட்டிலும் கிடைக்காதது, ஒலிவிதிகளைக் கொண்டு ஆய்வாளர்கள் கட்டியது. குறி இல்லாதது எழுத்தில் கிடைத்தது. இந்த இரண்டையும் கலந்துவிடுவதுதான் தொடக்கநிலையில் அதிகம் நடக்கும் பிழை. பிறகு பழைய வடிவத்தை ஒலிவிதிகள் வழியே இன்றைய காலத்துக்கு ஓட்டிப் பாருங்கள். ஊ அவு ஆக வேண்டும், ஈ ஐ ஆக வேண்டும். ஓட்டிய வடிவமும் இன்றைய வடிவமும் பொருந்தாத இடத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். கடைசியாக டச்சு, டேனிஷ், ஆங்கில உறவுகளைப் பாருங்கள். ஆனால் ஆங்கிலம் ஒத்துப்போகிறது என்பதாலேயே மகிழ வேண்டாம். மாப்பிள்ளையைக் குறிக்கும் ஜெர்மன் ப்ரொய்டிகாமின் பின்பாதி, ஆண்மகனைக் குறித்த பழைய கோமோ. அதன் ஆங்கில உறவில் இந்தப் பகுதி குதிரைக்காரரைக் குறிக்கும் 'க்ரூம்' ஆக மாறிக் கிடக்கிறது. உறவு மொழியிலும் இதே விபத்து நடந்திருக்கலாம்.

ஆக, பிரித்துப் படிப்பதை விட்டுவிட வேண்டாம். கையுறைக்கு ஹண்ட்ஷூ, அதாவது கைக்காலணி. பழைய உயர் ஜெர்மனிலும் அதே இரண்டு சொற்கள்தான். தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கு ஷ்டவுப்ஸவுகர், தூசி உறிஞ்சி. கடந்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் உருவான கருவிகள், சட்டங்கள், அலுவலகங்களின் பெயர்களை அச்சமில்லாமல் பிரிக்கலாம். ஆபத்து அதிகம் உள்ள இடங்கள் விலங்கு, செடி, பழம், பழைய ஆயுதம், சடங்கு, சமயம். ஆயிரம் ஆண்டு பேச்சில் உருண்ட சொற்கள் அங்கேதான் இருக்கின்றன. இலக்கணத்துக்கும் பிரிப்பு உதவும்: சில விதிவிலக்குகள் தவிர, கூட்டுச் சொல்லின் பால் கடைசிப் பகுதியின் பால்தான். வுர்ஃப் ஆண்பால், மவுல்வுர்ஃபும் ஆண்பால். பன்மை வுர்ஃபெயின் வழியில் மவுல்வுர்ஃபெ. பிரிப்பு பிறப்பைத் தவறாகக் காட்டும் இடத்திலும் இந்த விதி பொருந்தும். இடைக்கால ஜெர்மனில் அஃறிணைப் பாலில் இருந்த ஆர்ம்ப்ருஸ்ட், மார்பைக் குறிக்கும் ப்ருஸ்ட் பெண்பால் என்பதால், இன்று பெண்பாலாகிவிட்டது.